அர்ச்சுனன் பெயரும் எர்த் கம்பியும்

சித்தூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்து வந்தால் வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். தமிழ் பேசும் வீடு என்றால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று ஒரு குரல். தெலுங்கு வீடு என்றால் அர்ச்சுனனின் பல பெயர்களும் வரிசையாக வரும். இடியைக் கையில் வைத்திருப்பவன் இந்திரன், அவன் பிள்ளை அர்ச்சுனன், பிள்ளையின் பெயரைச் சொல்கிறவர்கள் மேல் அப்பன் இடியை இறக்கமாட்டான் என்பது நம்பிக்கை. அந்தப் பெயர்கள் முடிவதற்குள் அதே வாய் அடுத்த கட்டளையைப் போடும்: "டிவி பிளக்கைப் பிடுங்குடா, கேபிள் ஒயரையும் கழட்டிப் போடு."

இரண்டுக்கும் நடுவில் முரண் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் கேள்வி பழையது. கடவுள் காப்பார் என்று நம்புகிறவர் காப்புக் கருவியைத் தேடுவது நம்பிக்கைக் குறைவா? இந்தக் கேள்வியைப் பக்தர்களிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு இணையான இன்னொரு கேள்வியைக் கடைக்குப் போகிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை: பணம் கொடுத்து வாங்கிய பெட்டி காக்கும் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன?

முதல் கேள்வி நீதிமன்ற வழக்குப்போல நடந்த ஊர் பாஸ்டன். பெஞ்சமின் பிராங்க்ளின் 1752இல் மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டி, கூரையில் நட்ட இரும்புக் கம்பியைத் தரையோடு இணைத்தால் வீடு தப்பும் என்று தம் பஞ்சாங்கத்தில் எழுதினார். கம்பிகள் பரவின. 1755 நவம்பர் 18 அன்று அந்த வட்டாரத்தில் கடும் நிலநடுக்கம் வந்தது. தாமஸ் பிரின்ஸ் என்ற பாஸ்டன் போதகர், வானத்தின் மின்சாரத்தை இந்தக் கம்பிகள் பூமிக்குள் இறக்கிச் சேர்த்துவிட்டன, கம்பிகள் அதிகம் உள்ள பாஸ்டனே அதிகம் ஆடியது என்று வாதிட்டார். கடவுளின் கையிலிருந்து தப்ப வழியில்லை என்பது அவர் முடிவு. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ராப் அதை அச்சிலேயே மறுத்தார்.

ஐரோப்பாவில் விலை இன்னும் கூடுதல். புயல் வந்தால் தேவாலய மணியை அடித்து இடியை விரட்டுவது அங்கே வழக்கம். ஊரிலேயே உயரமான இடத்தில், ஈரக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்பான். 1784இல் ஜெர்மனியில் வெளியான ஒரு நூல், 33 ஆண்டுகளில் 386 கோபுரங்கள் தாக்கப்பட்டன, மணியடித்தவர்களில் 103 பேர் மாண்டார்கள் என்று கணக்குச் சொன்னது. இத்தாலியின் பிரேசியா நகரில் 1769இல் வெடிமருந்து சேமித்திருந்த இடத்தில் இடி விழுந்து நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஏழே ஆண்டுகளில், 1776இல், வெனிஸின் புனித மாற்கு தேவாலய மணிக்கூண்டு இடிதாங்கி அணிந்துகொண்டது.

நம் நாட்டில் இந்தச் சண்டை இப்படி நடக்கவில்லை. காரணம் நாம் அறிவாளிகள் என்பதல்ல. நம் சமயங்களில் இடியைக் கடவுளின் தண்டனை என்று மட்டும் பார்க்கும் வழக்கம் இல்லை என்பதுதான். இமாசலத்தின் குலு பள்ளத்தாக்குக்கு மேலே பிஜிலி மகாதேவ் கோயில் இருக்கிறது. மலையுச்சியில் வானளாவ ஒரு மரக்கம்பம். அதன் வழியே மின்னல் இறங்கி லிங்கத்தைச் சிதறடிக்கிறது என்றும், அர்ச்சகர் அந்தத் துண்டுகளை வெண்ணெய் வைத்து ஒட்டிச் சேர்க்கிறார் என்றும் அங்கத்திய மரபு சொல்கிறது. கீழே இருக்கும் ஊர்களுக்கு விழ வேண்டியதைச் சிவனே வாங்கிக்கொள்கிறான் என்பது பொருள். அடியை அனுப்புகிற கடவுளையும் அடியைத் தன்மேல் வாங்குகிற கடவுளையும் கொண்ட மக்களுக்கு, கூரையில் ஒரு கம்பி நடுவது தெய்வக் குற்றமாகப் படாதது இயல்புதான்.

இன்றைய திருப்பதி மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சூளூர்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தன. ராக்கெட் புறப்படுவதற்கு முன் அதன் சிறு மாதிரியை எடுத்துக்கொண்டு இஸ்ரோ குழுவினர் திருமலை ஏறுவது வழக்கம். சந்திரயான்-3 புறப்பட்டது 2023 ஜூலை 14. முந்தின நாள் மாதிரி ராக்கெட் ஏழுமலையான் சந்நிதியில் இருந்தது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சூளூர்பேட்டை செங்காளம்மன் கோயிலில் வணங்கினார். அதே நேரம் உண்மையான ராக்கெட் ஏவுதளத்தில், அதைச் சுற்றி நடப்பட்ட உயர்ந்த இடிதாங்கிக் கோபுரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கோபுரங்கள் அலங்காரத்துக்கு அல்ல. 1969 நவம்பரில் அப்போலோ-12 புறப்பட்ட முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கி, கலத்தின் கருவிகள் பல நின்றுபோய், பயணமே கேள்விக்குறியானது.

இஸ்ரோவின் வழக்கத்தை 2013இல் வேதியியல் அறிஞர் சி.என்.ஆர். ராவ் மூடநம்பிக்கை என்று விமர்சித்தார். அந்த விமர்சனத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. மாதிரி ராக்கெட்டை மலைக்குக் கொண்டுபோனோம், ஆகவே கோபுரம் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் ராவ் சொன்னது முழுக்க உண்மையாகியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கோபுரம் செய்யும் வேலையை வழிபாட்டிடம் ஒப்படைக்கவில்லை. வழிபாடு செய்யும் வேலையைக் கோபுரத்திடம் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த எல்லைக்கோடு அழியும் இடத்தில்தான் மூடநம்பிக்கை தொடங்குகிறது. கோயிலில் அது அழிவதைவிடக் கடைத்தெருவில் அழிவது அதிகம்.

அந்த எல்லைக்கோட்டைப் பற்றி நம் வைணவ ஆசாரியர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். கீழ்த்திருப்பதி கோவிந்தராஜர் கோயிலை நிறுவியவர் என்றும் திருமலை வழிபாட்டை ஒழுங்குசெய்தவர் என்றும் மரபு போற்றும் ராமானுஜர், ஸ்ரீபாஷ்யத்தில் இந்த முடிச்சை அவிழ்க்கிறார். எல்லாம் ஈசுவரன் கையில் என்றால் மனித முயற்சிக்கு இடமேது? அவர் விடை இது: முதல் முயற்சி ஜீவனுடையது, அதைப் பார்த்து ஈசுவரன் அனுமதி தருகிறான், அந்த அனுமதியால் செயல் நடக்கிறது. முயற்சி இல்லாத இடத்தில் அனுமதிக்க எதுவும் இல்லை. அனுமதி இல்லாமல் முயற்சி நடந்தேறுவதும் இல்லை.

அவருக்குப் பின் இரண்டு கிளைகள் பிரிந்தன. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் தானே காக்கிறான் என்றது தென்கலை. தாயைக் குட்டிக் குரங்கு பற்றிக்கொள்வதுபோல உயிரின் சிறு பற்றுதலாவது வேண்டும் என்றது வடகலை. தென்கலையின் பிள்ளை லோகாசாரியரும் வடகலையின் வேதாந்த தேசிகரும் இதில் எவ்வளவு வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். சரணாகதி செய்தவன் கடமைகளைக் கைவிட்டுக் கிடக்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை. சரணாகதி கேட்பது உயிரின் கரைசேர்தலை. பூனைக்குட்டியாகத் தன்னை ஒப்படைத்தவரும் மழை வந்தால் நெல்லை அள்ளத்தான் செய்வார். அள்ளுவதைத் தன் சாமர்த்தியம் என்று எண்ணாமல் கைங்கரியமாகச் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரணாகதியின் அங்கங்களில் ஒன்றைக் கார்ப்பண்யம் என்பார்கள். தன் கையாலாகாத நிலையை உள்ளபடி உணர்வது. சொல்லப்போனால், நல்ல பொறியாளர்களிடம் இந்தக் குணம் இருக்கிறது. கட்டடங்களுக்கான இடிகாப்பைச் சொல்லும் சர்வதேசத் தரநிலை 62305-ஐ இந்தியாவும் ஏற்றிருக்கிறது. அதன்படி மிக உயர்ந்த முதல் வகுப்பு அமைப்பு போட்டாலும் நூற்றில் இரண்டு பங்கு ஆபத்து மிச்சம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். நான்காம் வகுப்பில் அது நூற்றில் இருபது. இந்த மிச்சத்தில் கடவுள் ஒளிந்திருக்கிறார் என்று சொல்வது சமயத்துக்கும் அறிவியலுக்கும் செய்யும் அவமானம். ராமானுஜர் வழியில் பார்த்தால் காக்கப்பட்ட 98ம் அவன் அனுமதிதான், மிஞ்சிய 2ம் அவன் கைக்குள்தான். மனிதனின் பொறுப்பு அந்த 98க்காக உழைப்பதும் 2 இருப்பதை மறைக்காமல் சொல்வதும்.

இப்போது கடைக்கு வருவோம்.

ஐம்பதாயிரம், எண்பதாயிரம் கொடுத்து டிவி வாங்குகிறவரிடம் கடைக்காரர் கூடவே ஒரு ஸ்பைக் பஸ்டரை நீட்டுகிறார். "இதுல போட்டுட்டீங்கன்னா போதும் சார், இடி விழுந்தாக்கூட ஒண்ணும் ஆவாது." வாங்குகிறவர், "அண்ணா, கேரண்டிதானே?" என்று மட்டும் கேட்கிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எதன்மேல் சாய்ந்து வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. மந்திரித்த தாயத்தைக் கையில் கட்டிக்கொண்டு மருந்தை நிறுத்துகிற மனநிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் ஆன சிறு வில்லைகள். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவானவை. வழக்கமான 230 வோல்ட்டில் இவை கரண்டைக் கடத்தாமல் சும்மா இருக்கும். மின்னழுத்தம் திடீரென்று பாயும்போது ஒரு நொடியின் மிகச் சிறு துளிக்குள் வாயைத் திறந்து, பாய்ச்சலை எர்த் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் வழிமாற்றிவிடும். அதாவது இந்தக் கருவி எதையும் தடுப்பதில்லை. வந்ததைத் தரைக்கு அனுப்பிவைக்கிறது. தரைக்கு வழியே இல்லாத வீட்டில் அது அனுப்ப வேண்டியதை எங்கே அனுப்பும்?

சித்தூர் மாவட்டத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான். கருங்கல் பாறையும் மழை குறைந்த செம்மண்ணும் உள்ள பூமி. குப்பம் பக்கத்துக் கிரானைட் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதே பாறைதான் வீட்டுக்கடியில் மின்சாரத்துக்கு வழிவிடாமல் கிடக்கிறது. கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை முன்பு பெரியவர்கள் வைத்திருந்தார்கள். வீடு கட்டிக் குடிபுகுந்தபின் அந்தக் குழி எங்கே என்றுகூட இன்று பலருக்குத் தெரியாது. இன்னும் கேடு, பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பின்னாளில் குழாயைப் பிவிசிக்கு மாற்றியபோது கம்பியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கம்பி இருக்கிறது, மூன்றாவது ஓட்டையும் சுவரில் இருக்கிறது, பிளக்கின் பெரிய பின்னும் அதில் பொருந்துகிறது. மறுமுனையில் பூமி இல்லை. பொருள் போய்ச் சடங்கு மட்டும் மிஞ்சியது என்று கோயில் வழக்கங்களைக் குறைசொல்கிறவர்கள் தங்கள் வீட்டு எர்த்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒயர்மேனை அழைத்து எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொன்னால் அரை மணி நேர வேலை. 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பாறை நிலத்தில் அதற்காக இரண்டு மூன்று குழிகளைப் போட்டு இணைக்க வேண்டி வரலாம்.

எர்த் சரியான பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு. முதல் காவல் மெயின் போர்டில் இருக்க வேண்டும், டிவி பக்கத்தில் அல்ல. பாய்ச்சல் காப்புக் கருவியான அதை எஸ்பிடி (SPD) என்று கேட்டால் கடையில் தருவார்கள். கூரையில் இடிதாங்கி உள்ள வீட்டுக்கு முதல் வகை தேவை. மற்ற வீடுகளுக்குப் பொதுவாக இரண்டாம் வகை, 20 அல்லது 40 கிலோஆம்பியர் தாங்கக்கூடியது. அதன்மேல் எழுதியிருப்பதில் இரண்டைப் படிக்க வேண்டும். அது நிரந்தரமாகத் தாங்கும் மின்னழுத்தம் 320 வோல்ட் என்றிருப்பது நம் ஊர்களுக்கு ஏற்றது. பம்ப்செட்டுகள் ஓயும் நேரத்தில் வோல்டேஜ் மேலே ஏறும் கிராமங்களில் 275 போட்டால் வில்லை சீக்கிரம் தேயும். பாய்ச்சலின்போது அது மறுபக்கம் விட்டுவைக்கும் அழுத்தம் 1.5 கிலோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நுண்மையான மின்னணுப் பொருள்கள் தாங்கும் எல்லை அவ்வளவுதான். எஸ்பிடியிலிருந்து போர்டின் எர்த் பட்டைக்குப் போகும் கம்பி வளைந்து நெளிந்து நீளாமல் அரை மீட்டருக்குள் முடிந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இவ்வளவும் ஆனபின் டிவிக்குப் பக்கத்தில் ஸ்பைக் பஸ்டர் வைத்தால் அது இரண்டாவது காவலாக நிற்கும்.

பல வீடுகளில் மின்னல் வருவது கரண்ட் கம்பி வழியாகவே அல்ல. மாடியில் இருக்கும் டிஷ் ஆண்டெனாவின் கேபிள் வழியாகவும், இணையத்துக்குக் கம்பத்திலிருந்து இழுத்த செம்பு ஒயர் வழியாகவும் நுழைகிறது. பிளக் பிடுங்கப்பட்டிருந்தும் செட்டாப் பாக்ஸ் கருகிப்போவது இதனால்தான். "கேபிளையும் கழட்டு" என்ற வீட்டுக் கட்டளையில் அனுபவ அறிவு முழுதாக இருக்கிறது.

இன்னொரு எதிரி வானத்திலிருந்தே வருவதில்லை. காற்றில் மரக்கிளை விழுந்து தெருக்கம்பியின் நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வந்துவிடலாம். இதற்கு எஸ்பிடி பயன்படாது. அது நொடிக்கும் சிறிய பாய்ச்சலுக்குப் பிறந்தது. நிமிடக்கணக்கில் நீடிக்கும் அழுத்தத்தில் சூடேறித் தானே எரிந்துபோகும். மின்னழுத்தம் எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கங்களைச் சரிசெய்யும். மின்னலின் வேகம் அதற்குக் கிடையாது. மூன்று ஆபத்துகள், மூன்று மருந்துகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி என்று யாராவது விற்றால் அவர் விற்பது காப்பு அல்ல, நிம்மதி.

வில்லைகளுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு பாய்ச்சலையும் வாங்கி வாங்கித் தேய்ந்து ஒருநாள் ஓசையில்லாமல் செத்துப்போகும். அதைக் காட்டத்தான் நல்ல எஸ்பிடியில் பச்சை சிவப்பாக மாறும் சிறு சாளரம் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆயுத பூஜையன்று மீட்டர் பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கருவிகளைத் துடைத்து, பழுது பார்த்து, எண்ணெய் போட்டு வைப்பதும் அந்த நாளின் வேலைதான். பொட்டு வைக்கும் கை பெட்டியின் கதவைத் திறந்து சாளரத்தின் நிறத்தைப் பார்த்தால், எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், பூஜை குறைவுபடாது, நிறைவுபடும்.

கோபுரக் கலசமே இடிதாங்கிதான், அதில் நிரப்பிய வரகு மின்னலை விழுங்கும் என்ற செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. உலோக முனை உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து பூமிவரை தடையில்லாத கடத்தி இறங்க வேண்டும். அதனால்தான் பல கோபுரங்களில் கலசத்தை ஒட்டித் தனிக் கம்பியும், சுவரோரமாக இறங்கும் செம்புப் பட்டையும் பொருத்தியிருக்கிறார்கள். குடமுழுக்கின் புனிதத்துக்கு மின்பொறியியல் சான்றிதழ் தேவையில்லை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் சுற்றியுள்ள வீடுகள் காப்பில்லாமல் இருந்துவிடும் என்பதுதான் நடக்கும்.

டிவியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட பிறகு, அறக் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. இந்தியாவில் 2022இல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. 2018 ஏப்ரல் 24 அன்று ஆந்திராவில் 13 மணி நேரத்தில் 36,749 மின்னல்கள் பதிவாயின. அன்று 9 பேர் மாண்டார்கள், ஒன்பது வயதுச் சிறுமி உட்பட. நாட்டில் மின்னலுக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சலிலும் இருப்பவர்கள், மழைக்கு ஒதுங்கி மரத்தடியில் நின்றவர்கள். அவர்களுக்கு இந்தக் கருவிகள் எதனாலும் பயனில்லை. காக்கும் கடவுளை நம்புகிற சமூகம் தன் பொருள்களைக் காத்துக்கொண்டு ஆடு மேய்ப்பவரை விதியிடம் விட்டால், அது ராமானுஜர் சொன்ன முயற்சியில் சேராது.

முயற்சிக்கு வேண்டிய அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே காதங்கியில் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. 1024 ஆண்டெனாக்கள் கொண்ட அதன் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், இடிமேகத்துக்குள் காற்று எந்த வேகத்தில் மேலேறுகிறது என்பதுவரை அளக்கக்கூடியது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் வருவதை எச்சரிக்கிறது. மாநிலப் பேரிடர் ஆணையம் குறுஞ்செய்தி அனுப்புகிறது. ஆனால் ஆட்டுமந்தையோடு போகிற அம்மாவின் கையில் கைபேசி இருக்காது. இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் காதுக்கு எட்டுவது ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி. விடியலில் சுப்ரபாதத்தை மேய்ச்சல் நிலம்வரை கொண்டுபோகும் அதே குழாயில், எச்சரிக்கை வந்த உடனே பூசாரியோ ஊராட்சி ஊழியரோ தெலுங்கிலும் தமிழிலும் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: மரத்தடியை விட்டு வாருங்கள், இடி ஓய்ந்து அரை மணி ஆகும்வரை வெளியே போகாதீர்கள். ஒதுங்குவதற்கு ஊரில் பள்ளிக்கூடமும் கோயில் மண்டபமும் இருக்கின்றன; அவற்றின் கூரையில் முறையான இடிதாங்கியும் கீழே அளந்து பார்த்த எர்த்தும் வேண்டும். தர்மகர்த்தாக்களும் ஊராட்சிகளும் மின்வாரிய லைன்மேனைக் கூடவைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்து பேசினால், அடுத்த கோடைக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது.